ரேகை தேய்ந்த விரல்கள்

எங்கள் வீரசோழன் பக்கத்தில் என் அத்தை கரிமூட்டத்திலும் மிளகாய்க் காட்டிலும் உழைத்தே காலத்தைக் கழித்தவர். ரேஷன் கடையில் விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து இயந்திரத்தில் வைப்பார். அது ஏற்காது. "எதுக்க நானே நிக்கிறேன். ரேகை தேஞ்சா ஆளு இல்லைன்னு ஆயிருமா, தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். கடைக்காரத் தம்பியிடம் பதில் இல்லை.

இதே கேள்வியைச் சட்டத்தின் மொழியில் பல ஆண்டுகள் கேட்டவர் உஷா ராமநாதன். சென்னை, நாக்பூர், டெல்லிப் பல்கலைக்கழகங்களில் சட்டம் பயின்றவர், சட்ட ஆய்வாளர். போபால் நச்சுவாயு, நர்மதை அணைகள், டெல்லிக் குடிசைகளின் அகற்றம் ஆகியவை பற்றி எழுதியவர். அவர் ஆதாரை நோக்கித் திரும்பியதை ஒரு தொடர்ச்சியாகவே நான் வாசிக்கிறேன். வீடிழந்தவரிடம்தான் அரசு முதலில் சான்று கேட்கிறது.

ஆதார் ஆணையம் 2009-இல் தொடங்கியது. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு முதல் எண் தரப்பட்டது. அதற்கென்று அப்போது சட்டமே இல்லை. கொண்டுவரப்பட்ட மசோதாவை 2011 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு ஏற்க மறுத்தது. 2016-இல்தான் சட்டம் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கோடிக்கணக்கானோரின் கைரேகையும் கருவிழிப் பதிவும் சேகரிக்கப்பட்டுவிட்டன. எந்த அதிகாரத்தில் எடுக்கிறீர்கள், யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று உஷா கட்டுரைகளிலும் மேடைகளிலும் விடாமல் கேட்டார்.

ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் வழக்குத் தொடுத்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமை அல்ல என்று 2015-இல் அரசு வாதிட்டது. அது அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். நலத்திட்டங்களுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து சாந்தா சின்ஹா, கல்யாணி மேனன்-சென் என்ற இரு பெண்களும் நீதிமன்றம் சென்றார்கள்.

2018 செப்டம்பர் 26 தீர்ப்பு என்ன தந்தது? வங்கிக் கணக்குக்கும் கைபேசி எண்ணுக்கும் ஆதார் கட்டாயமில்லை என்றது. மானியங்களுக்கும் நலத்திட்டங்களுக்கும் அதைக் கேட்கலாம் என்று ஐவரில் நால்வர் ஏற்றார்கள். நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். விரல் பொருந்தாதவர்களுக்கு மாற்று வழி வேண்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கல்லூரி ஆசிரியையான எனக்குக் கிடைத்த விடுதலை என் அத்தைக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

டிஜிட்டல் உரிமை என்றால் கணினி வைத்திருப்பவர்களின் கவலை என்று என் மாணவிகள் நினைக்கிறார்கள். அவர்களை ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கச் சொல்கிறேன். உழைத்துத் தேய்ந்த விரல்களை முந்தானையில் துடைத்தபடி நிற்கும் பெண்களிடமிருந்து இந்தச் சட்ட வரலாற்றைப் படிக்கத் தொடங்கலாம்.