நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கூட்டு மருத்துவம்: ஸ்டான்ஃபோர்டு முதல் லீட்ஸ் வரை

லண்டன் கைஸ் மருத்துவமனையின் நோய்க்கூற்று அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்த சிலரின் உடல்களை ஆராய்ந்து 1832இல் வெளியிட்ட கட்டுரை, வெறுங்கண்ணால் கண்டவற்றையே ஆதாரமாகக் கொண்டது. 1898இல் கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கும் 1902இல் டோரதி ரீடும் ஹாட்ஜ்கின் பெயராலேயே வழங்கும் இந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கே உரிய பேரணுவை நுண்ணோக்கியில் கண்டு விவரித்த பின்னர், நோயைத் தீர்மானிக்கும் பொறுப்பு படுக்கையருகே நிற்கும் மருத்துவரிடமிருந்து, திசுவை வெட்டிச் சாயமேற்றிப் பார்க்கும் நோயியல் வல்லுநரின் கைக்கு மாறியது. ஆயினும் சிகிச்சை நெடுங்காலம் தனியாள் முயற்சியாகவே இருந்தது. கதிர்வீச்சால் ஹாட்ஜ்கின் நோயாளிகள் பலர் நீண்டகாலம் வாழ முடியும் என்று டொராண்டோவின் வேரா பீட்டர்ஸ் 1950இல் காட்டியபோதும் அது கதிர்வீச்சுத் துறையின் தனி வெற்றியாகவே கருதப்பட்டது.

இந்நிலை மாறியது கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில்தான் எனலாம். அங்கே கதிரியக்கத் துறைக்குத் தலைமையேற்றிருந்த ஹென்றி கேப்லனுடன், மருந்து வழியே புற்றுநோயை அணுகும் பயிற்சி பெற்ற சால் ரோசன்பெர்க் 1961இல் இணைந்தார். அடுத்த ஆண்டே இருவரும், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்யும் ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொடங்கினர். நோய் உடலில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை, அதாவது நோய்நிலையை, எல்லோரும் ஒரே அளவுகோலால் அளக்காவிட்டால் இத்தகைய ஒப்பீடு பொருளற்றுப் போகும் என்பதால், மருத்துவர்கள் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேச வேண்டியதாயிற்று. கூடிப் பேசும் வழக்கம் நல்லெண்ணத்தால் மட்டும் வந்ததன்று, ஆய்வுமுறையின் கட்டாயத்தால் வந்தது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

பாதத்தின் நிணநாளத்தில் அயோடின் கலந்த எண்ணெயைச் செலுத்தி வயிற்றின் ஆழத்திலுள்ள கணுக்களை எக்ஸ்ரே படத்தில் காணும் முறை கதிர்ப்பட வல்லுநரைக் குழுவுக்குள் கொண்டுவந்தது. 1960களின் இறுதியில் அறுவை மருத்துவரும் சேர்ந்தார்: வயிற்றைத் திறந்து மண்ணீரலை முழுவதுமாக அகற்றி, கல்லீரலிலும் கணுக்களிலும் துணுக்குகள் எடுத்து அனுப்ப, நோயியல் வல்லுநர் அம்மண்ணீரலை மெல்லிய வில்லைகளாக நறுக்கித் தேடியபோது, வெளித்தோற்றத்தில் பழுதில்லாத மண்ணீரல்களிலும் நோய் ஒளிந்திருந்தது தெரியவந்தது. 1971இல் ஆன் ஆர்பர் நகரில் கூடிய மாநாடு வகுத்த நான்கு நிலைப் பகுப்பு இத்தகைய அனுபவங்களின் மேல் எழுந்ததே.

இதற்கிடையே அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வின்சென்ட் டிவிட்டாவும் குழுவினரும், முற்றிய ஹாட்ஜ்கின் நோயுடைய 43 பேருக்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததில் 35 பேரிடம் நோயின் தடயமே இல்லாமற்போனதாக 1970இல் அறிவித்தனர். மருந்து பரவலானதும் சி.டி. ஸ்கேன் வந்ததும் வயிற்றைத் திறக்கும் தேவை குறைந்தது. மண்ணீரலை இழந்தவர்களுக்குக் கடுமையான தொற்றுகள் வந்ததும் அம்முறை கைவிடப்பட ஒரு காரணம். அறுவை மருத்துவரின் பங்கு சுருங்கினாலும் குழு கலையவில்லை. இளவயதில் மார்பில் கதிர்வீச்சுப் பெற்ற பெண்களிடம் பின்னாளில் மார்பகப் புற்றுநோயும், இருபாலரிடமும் இதயநோயும் மிகுந்து காணப்படவே, எவ்வளவு சிகிச்சை கொடுப்பது என்பதோடு எவ்வளவைத் தவிர்க்கலாம் என்பதும் கூட்டத்தின் கேள்வியாயிற்று.

ஹாட்ஜ்கின் வகை அல்லாத நிணநீர்ப் புற்றுநோய்களில் சிக்கல் வேறு. ராப்பபோர்ட், கீல், லூக்ஸ்–காலின்ஸ் எனப் போட்டியிட்ட பகுப்புமுறைகளால் ஒரே திசுவுக்கு ஊருக்கொரு பெயர் வழங்கியது. 1994இன் ஐரோப்பிய–அமெரிக்கப் பகுப்பும் அதைத் தழுவி 2001இல் வந்த உலகச் சுகாதார நிறுவனப் பகுப்புமே இக்குழப்பத்தைப் பெரிதும் தணித்தன. அணுவின் வடிவம், அதன் மேற்பரப்புப் புரதங்கள், மரபணு மாற்றங்கள் ஆகிய மூன்றையும் ஒரே அறிக்கையில் இணைக்கும் ஆய்வகச் சேவை 1993இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அமைந்தது. புற்றுநோய்ச் சேவைகளைச் சீரமைக்கப் பரிந்துரைத்த 1995ஆம் ஆண்டின் கால்மன்–ஹைன் அறிக்கையிலிருந்தே பிரித்தானியக் கூட்டுமுறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். நிணநீர்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ முப்பதாண்டு பிந்திய தொடக்கம். ஆனால் இரு மருத்துவர்களின் ஈடுபாட்டைச் சார்ந்திருந்த ஒன்றைக் கடமையாக்கியது பிரித்தானியாவே. குறைந்தது 5,00,000 மக்களுக்கு ஒரு குழு வேண்டும், இரத்தப் புற்றுநோய் என ஐயுறும் ஒவ்வொரு நோயறிதலையும் தனித்தேர்ச்சி பெற்றோர் மீளாய்வு செய்ய வேண்டும் என்று 2003இல் வெளியான தேசிய வழிகாட்டுதல் வலியுறுத்தியது.

அதே வழிகாட்டுதல் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியரையும் வலி தணிப்பு மருத்துவரையும் குழுவின் உறுப்பினராக்கியது. நோயாளி பொதுவாக அக்கூட்டத்தில் இருப்பதில்லை; படங்களும் கண்ணாடிச் சில்லுகளும் மட்டுமே பேசும் இடத்தில், அவர் எதைத் தாங்குவார், எதை வேண்டாமென்கிறார் என்று எடுத்துரைக்கும் பொறுப்பு பெரும்பாலும் அச்செவிலியரிடமே விடப்படுகிறது.