ரன்: ஒரு சின்ன வார்த்தையின் பெரிய கதை

'ரன்' என்றதும் இங்கே பலருக்கும் முதலில் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். சினிமா ரசிகர்களுக்கு 2002-ல் வந்த மாதவன் படம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த அர்த்தமோ ஒன்றே ஒன்றுதான்: ஓடு. ஆனால் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இந்த வார்த்தைக்கு, வினைச்சொல்லாக மட்டுமே, 645 அர்த்தங்கள்!

மூக்கு ஒழுகினாலும் 'ரன்', துவைத்த துணியில் சாயம் போனாலும் 'ரன்'. கடை நடத்துபவர் கடையை 'ரன்' செய்கிறார். வீட்டில் சர்க்கரை தீர்ந்துபோனால் 'ரன் அவுட்'. வழியில் பழைய நண்பரைத் தற்செயலாகச் சந்தித்தால் 'ரன் இன்டு'. அதே நண்பர் மேல் வண்டியை ஏற்றிவிட்டால் 'ரன் ஓவர்'. பின்னால் வரும் குட்டிச் சொல் மாறினால் நட்பு போலீஸ் கேஸ் ஆகிவிடுகிறது! தேர்தல் விஷயம் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் 'ஓடுகிறார்'. பிரிட்டனில், தமிழில் சொல்வது போலவே, 'நிற்கிறார்'. (தமிழ் 'ஓடு' மட்டும் சும்மாவா இருக்கிறது? படம் நூறு நாள் ஓடும், கடிகாரம் ஓடும், பிழைப்பும் எப்படியோ ஓடும்.)

சரி, இத்தனை அர்த்தங்களையும் உட்கார்ந்து எண்ணியது யார்?

1857-ல் லண்டன் மொழியியல் சங்கம் ஒரு புதிய அகராதிக்கான வேலையைத் தொடங்கியது. பொதுமக்கள் புத்தகங்களைப் படித்து, ஒரு வார்த்தை வரும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். 1879-ல் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியர் பொறுப்பை ஏற்றபோது, அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை சுமார் இரண்டு டன் சீட்டுகள். பிரித்துப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. 'அபியூஷன்' என்ற வழக்கொழிந்த வார்த்தைக்கு 50 சீட்டுகள் போல இருந்தன. தினமும் புழங்கும் 'அபியூஸ்' என்ற வார்த்தைக்கு ஐந்துகூடத் தேறவில்லை! எல்லோருக்கும் தெரிந்த வார்த்தைதானே, இதை எதற்கு எழுதி அனுப்புவது என்று விட்டுவிட்டார்கள். சாதாரண வார்த்தைகளையும் எழுதி அனுப்புங்கள் என்று மர்ரே புதிதாக வேண்டுகோள் விட வேண்டியதாயிற்று.

பத்து வருடத்தில் முடிப்பதாகத் திட்டம். ஐந்து வருடம் கழித்து, 1884-ல், முதல் பகுதி வெளிவந்தது. அது எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' வரைதான் போயிருந்தது. 1915-ல் மர்ரே இறந்தபோது அவர் கையில் இருந்தது 'டி' எழுத்து. அகராதி முழுமையாக முடிந்தது 1928-ல்.

அந்த அகராதியில் மிக நீளமான பதிவு 'ரன்' அல்ல, 'செட்'. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அதுவே முதலிடம்: 430 அர்த்தங்கள், ஏறக்குறைய 60,000 வார்த்தைகள். ஒரு நாவல் அளவு! பிறகு மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்களில் 2000-ல் 'மேக்', 2007-ல் 'புட்', 2011-ல் 'ரன்' என்று வரிசையாக முந்தின. 'ரன்' பதிவை எழுத அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

'ரன்' இப்படி வளர்ந்ததற்கு இயந்திரங்கள் முக்கியமான காரணம். ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழைய வார்த்தை இது. முதலில் ஓடியவை மனிதனும் குதிரையும் ஆறும்தான். பிறகு கடிகாரம், ஆலை, ரயில் என்று வந்த ஒவ்வொன்றுக்கும் புதுச் சொல் தேடாமல் இதையே மாட்டிவிட்டார்கள். கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராமும் 'ரன்' ஆனது. அது இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை!

ஆனால் 'செட்' தோற்றுவிட்டது என்று சொல்வது நியாயமில்லை. அந்தத் திருத்த வேலை 'எம்' எழுத்தில் தொடங்கி முன்னேறியது. 2011-ல் 'ரன்' முடிந்தபோது 'செட்' முறை இன்னும் வரவே இல்லை. 645 என்பது 2011-ன் கணக்கு. 430 என்பது 1989-ன் கணக்கு.