காலைக் கட்டுவதா, விடுவதா?

பூட்ஸின் அடியில் ஒரு கொக்கி. பெடலில் ஒரு வில். மிதித்தவுடன் 'கிளிக்' என்று இரண்டும் கவ்விக்கொள்ளும். இதற்குப் பெயர் என்ன தெரியுமா? 'கிளிப்லெஸ்' பெடல், அதாவது கிளிப் இல்லாத பெடல்! காலைப் பூட்டிவிட்டு இப்படியொரு பெயர் வைப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பின்னே போகவேண்டும்.

1866-ல் பியேர் லாலமான் என்ற பிரெஞ்சுக்காரர், பெடல் வைத்த இருசக்கர வண்டிக்கு அமெரிக்காவில் பேடண்ட் உரிமை பெற்றார். அந்தப் பெடலில் காலை வைக்கலாம், எடுக்கலாம், கட்டுக்காவல் கிடையாது. பிறகு பந்தயக்காரர்கள் வந்தார்கள். வேகத்தில் கால் நழுவியது. ஆகவே பெடலின் முன்னால் ஓர் இரும்புக் கூடு, அதோடு ஒரு தோல்வார். அந்தக் கூட்டுக்குத்தான் 'டோ கிளிப்' என்று பெயர். வாரை இறுக்கிவிட்டால் கால் நழுவாது. குனிந்து தளர்த்தினாலன்றி எளிதில் வெளியேயும் வராது.

1971-ல் இத்தாலியின் சினெல்லி கம்பெனி கூடில்லாத பூட்டுப் பெடல் ஒன்றைச் செய்தது. அதிலும் காலை விடுவிக்கக் கையால்தான் நெம்ப வேண்டும். விழுகிறவனுக்கு அதற்கெல்லாம் அவகாசம் ஏது?

விடை பனிமலையிலிருந்து வந்தது. பிரான்ஸில் நெவேர் நகரத்து லுக் கம்பெனி, பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டுச் செய்து பெயர் பெற்றது. சறுக்குபவன் விழுந்தால் பூட்டு தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கால் முறிந்துவிடும். அந்த அறிவை 1984-ல் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் போதும், கால் விடுதலை! மறு ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலில் பிரெஞ்சுப் பெரும் பந்தயத்தை ஓட்டினார். நடுவில் விழுந்து மூக்கு உடைந்தும், ஐந்தாம் முறையாக வெற்றி பெற்றார். பழைய டோ கிளிப்புக்கு மவுசு போயிற்று. அந்தக் கிளிப் இல்லாததால்தான் 'கிளிப்லெஸ்'.

சரி, காரியாலயத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போகிற நமக்கு எது தேவை? பூட்டிய காலால் பெடலை மேலே இழுக்கலாம், அதனால் லாபம் என்பார்கள். 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அப்படி மேலே இழுத்து ஓட்டியவர்கள் அதே வேலைக்கு அதிகச் சக்தியைத்தான் செலவழித்தார்கள். நெடுந்தூரம் நிற்காமல் போகிறவருக்கு, கால் நழுவாமல் ஒரே இடத்தில் இருப்பது பெரிய சௌகரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் புதிதாகப் பூட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் வேகத்தில் விழுவதில்லை. சந்தியில் வண்டி நின்றபின், குதிகாலைத் திருப்ப மறந்து, நின்ற இடத்திலேயே சாய்கிறார்கள். பக்கத்தில் லாரி வந்தால் அது சிரிக்கிற விஷயமல்ல. தட்டைப் பெடலில் அந்தக் கவலையில்லை; செருப்போடும் ஓட்டலாம். இரண்டும் வேண்டுமென்பவர்களுக்கு ஒருபுறம் பூட்டும் மறுபுறம் தட்டையுமான பெடலும் கிடைக்கிறது.

சைக்கிள் பழகிய முதல் நாள், பின்னால் ஓடிவந்த அண்ணா, "காலை ஊன்றுடா!" என்று கத்தியது நினைவிருக்கிறதா? வீட்டிலிருந்து வேலைக்குப் போவதற்குள் எத்தனை தடவை காலை ஊன்றுகிறீர்கள் என்று நாளைக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.