ஆமையைப் பிடிச்சு லேபுல அடைச்ச கதை

எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் லேபுக்கு வெளியவே ஷூவைக் கழட்டிடணும். நாலாங்கிளாஸ், வாரம் ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு மூணு பேர். 'எஃப்டி 100'னு அடிச்சா திரையில ஆமை 100 அடி முன்னாடி போகும், 'ஆர்டி 90'னு அடிச்சா வலது பக்கம் திரும்பும். பரீட்சையில "சதுரம் வரையக் கட்டளை எழுதுக", 5 மார்க். முழுசா வாங்கினேன். அந்த வருஷம் முழுக்க கீபோர்டு என் கைக்கு வந்தது ரெண்டே தடவை!

இப்போ பொட்டி தட்டித்தான் பொழப்பு ஓடுது. போன மாசம் அக்கா பொண்ணு நோட்டைப் பார்த்தா அதே ஆமை. யாருப்பா இதை வளர்த்து விட்டதுன்னு தேட உட்கார்ந்தேன்.

லோகோ மொழி 1967-ல அமெரிக்காவுல பிறந்தது. செய்தவங்க வாலி ஃபூர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட். பேப்பர்ட் தென்னாப்பிரிக்காக்காரர், கணித மேதை, ஜெனீவாவுல பியாஜே கிட்ட வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, குழந்தைதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கணும். அவர் கட்சி இதுதான். தப்பா வந்தா அது தோல்வி இல்ல, பிழை. தேடித் திருத்திக்கலாம். (நம்ம ஆபீஸ்ல தினமும் நடக்கிறதுதான். அதுக்கு சம்பளமும் தர்றாங்க!)

இதை நிஜமாவே பண்ணிப் பார்த்தது பாஸ்டன்ல, ஹென்னிகன்ங்கிற அரசுப் பள்ளியில. 1985-ல ஆரம்பிச்சாங்க. மெஷின்களைத் தனி ரூம்ல பூட்டாம, வகுப்புகளுக்கு நடுவுல இருந்த திறந்தவெளியில வட்டமா போட்டாங்க. அங்க இடித் ஹாரெல்னு ஒரு ஆராய்ச்சியாளர் 17 நாலாங்கிளாஸ் பசங்களுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்: சின்ன கிளாஸ் பசங்களுக்குப் பின்னம் சொல்லித்தர மென்பொருள் எழுதுங்க. பரீட்சைக்குப் படிக்கிறது இல்ல, மாசக்கணக்கா ஓடின நிஜமான ப்ராஜெக்ட். பின்னம்னா புத்தகத்துல இருக்கிற சமாச்சாரம்னு நினைச்சிருந்த ஒரு பொண்ணு, வீடு, சூரியன், வண்டினு வரைஞ்சு எல்லாத்துலயும் பாதியை வண்ணம் தீட்டிக் காட்டினாளாம். எங்க பார்த்தாலும் பின்னம்! கடைசியில சோதிச்சுப் பார்த்தப்போ, வழக்கமான முறையில படிச்ச வகுப்புகளைவிட இந்தப் பசங்க பின்னத்துலயும் தேறியிருந்தாங்க, லோகோவுலயும் தேறியிருந்தாங்க.

அப்புறம் ஏன் எனக்கு 5 மார்க் கேள்வியா வந்து சேர்ந்தது?

பேப்பர்ட்டே 1993-ல 'தி சில்ட்ரன்ஸ் மெஷின்'ல இதைப் பத்தி எழுதியிருக்கார். ஆரம்பத்துல ஆர்வமுள்ள வாத்தியார்கள் கம்ப்யூட்டரைத் தங்க வகுப்புக்குள்ளயே வெச்சிருந்தாங்க. நிர்வாகம் கையில போனதும் எல்லாத்தையும் சேர்த்து ஒரு லேப், அதுக்குத் தனி டீச்சர், தனி பாடத்திட்டம், தனி பீரியட். உடம்புக்குள்ள வந்த அந்நியப் பொருளை நோய் எதிர்ப்புச் சக்தி சமாளிக்கிற மாதிரின்னு அவர் சொல்றார். பள்ளியை மாத்த வந்ததை, பள்ளி இன்னொரு பாடமா மாத்திடுச்சு. சதி எதுவும் இல்ல. டைம்டேபிள் அப்படி. எங்க மிஸ்ஸைக் குறை சொல்லி என்ன பண்றது, அவங்களுக்கும் போர்ஷன் முடிக்கணுமே.

ஞாயித்துக்கிழமை என் மடிக்கணினியில லோகோ போட்டுக் கொடுத்தேன். சதுரம் போடறேன்னு உட்கார்ந்தவ 90-க்குப் பதிலா 89 அடிச்சு, நூறு தடவை திரும்பச் செய்னு விட்டுட்டா. சதுரம் மேல சதுரமா சுத்திச் சுத்தி, திரை முழுக்கப் பெரிய பூ.

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "மாமா, இதை நோட்டுல எங்க எழுதறது?"