மடிகுழல் வேட்டை ரைஃபிள்

குழலைக் கீலில் கீழே மடக்கி, பின்வாயில் தோட்டா இட்டு, மறுபடி நிமிர்த்திப் பூட்டும் வேட்டைத் துப்பாக்கி. பாரிஸின் காசிமிர் லெஃபோஷே 1830-களில் இம்முறைக்கு வழிவகுத்தார். 1851 லண்டன் பொருட்காட்சியில் அவருடைய துப்பாக்கி இடம்பெற்ற பின்னரே ஆங்கிலேயக் கம்மியர்கள் இதில் மும்முரமாக இறங்கினர்.

இதன் அடிச்சட்டம் ‘ட’ எழுத்தின் வடிவம் கொண்டது. நிற்கும் கோடு தோட்டாவின் அடியைத் தாங்கும் பின்சுவர். படுத்த கோட்டின் நுனியில் கீல். சுடும்போது தோட்டா பின்சுவரை உதைக்கிறது. கீலோ குழலின் மையக்கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே ‘ட’ விரியப் பார்க்கும். விரிசல் விழுவது அதன் மூலையில்.

பர்மிங்காமின் ஹென்றி ஜோன்ஸ் 1859-இல் அமைத்த அடிநெம்புகோல், திருகுபோல் சுழன்று குழலை இறுக்கியது. வேகம் குறைவு, பிடி பலம். 1863-இல் ஜேம்ஸ் பர்டி கொணர்ந்த நழுவுதாழ் விரைவானது. இன்றும் பரவலாக உள்ளது. ஆனால் இரண்டும் கீழிருந்து பிடிப்பவை. குழல் எழும்பாமல் தடுக்குமே தவிர, பின்சுவர் சாய்வதை அவற்றால் தடுக்க முடியாது.

அதற்காக மேலேயும் பிடி தேடினர். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸின் ‘பொம்மைத் தலை’ என்பது குழலின் பின்முனையில் நீண்டு, பின்சுவரின் குழிக்குள் அமரும் குமிழ். கிரீனர் அத்தகைய நீட்சியில் துளையிட்டுக் குறுக்குத் தாழ் செருகினார். புகைக்கரி தடவி, கறை படியும் இடத்தை மட்டும் ராவி ராவிப் பொருத்தினால்தான் இவை வேலை செய்யும். இல்லையேல் வெறும் அலங்காரம். தாழ்களின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொன்ன விளம்பரங்கள் இதைச் சொல்லவில்லை.

1898-இல் ஜான் ரிக்பி கார்டைட் என்ற புகையற்ற வெடிமருந்து நிரப்பிய ‘.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ தோட்டாவைக் கொண்டுவந்ததும் சோதனை கடுமையானது. 31 கிராம் குண்டு நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. கம்மியர்கள் சட்டத்தின் பக்கங்களைப் புடைக்க விட்டனர். மூலையைக் கூராக வெட்டாமல் வளைத்தனர். சட்டத்தின் இரும்பைக் குடையாதபடி சுடுவிசைப் பொறியைப் பின்னால் தள்ளினர். கிளர்ச்சிக்காரர்களிடம் இருந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்களுக்குப் பயன்படும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, இந்தியாவில் .450 தோட்டாவைத் தடைசெய்தது. .470 போன்ற அளவுகள் அதனால் பிறந்தவை; பூட்டு மாறவில்லை.

நூற்றாண்டுச் சிக்கலை வேறு வழியில் அணுகியது ஜெர்மனியின் பிளேசர் கே95. அதில் சாயும் கட்டை ஒன்று குழலையே நேராகக் கவ்விக்கொள்வதால் உதை சட்டத்துக்குப் போவதில்லை. அதன் சட்டம் எஃகுகூட அல்ல, இலேசான அலுமினியக் கலவை.