நெகட்டிவில் தங்கிய பாட்டு

1968 பிப்ரவரி. காதலி உறவை முறித்துக் கடிதம் எழுதிவிட்டாள் என்ற துக்கத்தோடு ரிஷிகேஷ் வந்து சேர்ந்தார் பால் சால்ட்ஸ்மன் என்ற கனடா இளைஞர். இந்தியாவில் நடந்த ஓர் ஆவணப்பட வேலைக்கு ஒலிப்பதிவாளராக வந்தவர். மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் கற்றால் மனம் ஆறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆசிரமத்துக்குள் பீட்டில்ஸ் குழு தங்கியிருந்தது. வெளியாருக்கு அனுமதி இல்லை. வாசலருகே கூடாரத்தில் எட்டு நாள் காத்துக் கிடந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

அவரிடம் ஒரு பென்டாக்ஸ் கேமரா இருந்தது. படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டே எடுத்தார். ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் படிக்கட்டில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்க, ரிங்கோ ஸ்டார் பக்கத்தில் இருக்கிறார். மேடை இல்லை, விளக்கு இல்லை, அலறும் ரசிகர் கூட்டம் இல்லை. உலகமே துரத்திக்கொண்டிருந்த மனிதர்கள், திண்ணையில் உட்கார்ந்து பழகும் பையன்களைப் போலப் பாட்டுக் கட்டுகிறார்கள். எனக்கு இந்தப் படங்கள் மேல் இருக்கும் ஆசைக்கு இதுவே காரணம். இன்றைய பெரிய கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டு வரைக்கும்தான் புகைப்படக்காரர்களை முன்னால் விடுகிறார்கள். இப்படியொரு படம் இனி எங்கே கிடைக்கும்?

ஊர் திரும்பிய சால்ட்ஸ்மன் பிலிம்களை எடுத்து வைத்துவிட்டு, அப்படியே மறந்துபோனார். 32 வருடம் கழித்து, 2000 வாக்கில், மகள் தேவயானி கேட்ட பிறகுதான் அவை வெளிச்சம் கண்டன, புத்தகமாக வந்தன. பாழடைந்து கிடந்த அந்த ஆசிரமத்தை வனத்துறை 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இன்று அங்கே போனால் சுவரில் அவர் எடுத்த படங்களைப் பார்க்கலாம்.

ராக் இசைப் படங்களைக் கலைப்பொருளாக விற்கும் சந்தை வளர்ந்ததும் ஏறக்குறைய சால்ட்ஸ்மனின் புத்தகம் வந்த சமயத்தில்தான். 1969 உட்ஸ்டாக் விழாவின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஹென்றி டில்ட்ஸ். பாஞ்சோ வாசிக்கும் இசைக்கலைஞரும்கூட. அவரும் நண்பர்களும் 2001இல் நியூயார்க்கில் மாரிசன் ஹோட்டல் கேலரியைத் தொடங்கினார்கள். இசைக்கலைஞர்களைப் படம் பிடித்தே வாழ்ந்த ஜிம் மார்ஷல் 2010இல் காலமானார். 2014இல் கிராமி அமைப்பு அவருக்கு விருது கொடுத்து மரியாதை செய்தது.

சேகரிப்பவர்கள் படத்தின் முகத்தைப் போலவே முதுகையும் கவனமாகப் பார்ப்பார்கள். பத்திரிகை அலுவலக முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, ஒட்டிய குறிப்புச் சீட்டு, கையெழுத்து எல்லாமே சாட்சி. படம் எடுத்த காலத்திலேயே, எடுத்தவரே போட்ட பிரின்ட்டுக்கு மதிப்பு அதிகம். அதே நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் போட்டு, எண்ணிட்டுக் கையெழுத்து வைத்தவை பெரும்பாலும் அதற்கு அடுத்த படி.

அத்திப்பட்டிலிருந்து ராயபுரம் வரை நம் வடசென்னைப் பக்கத்திலும் இப்படிப்பட்ட படங்கள் இருந்திருக்கின்றன. ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவில் விடிய விடியப் பாட்டுக் கச்சேரி நடக்கும். டிரிபிள் காங்கோவும் கிட்டாரும் அதிரும். கானா பாடியவர்களை டோலக்கோடு நிற்கவைத்துப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர்களும் உண்டு. கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கிறது. அதற்காகவே பழைய நெகட்டிவ்களைக் கிலோ கணக்கில் வாங்கிப்போனார்கள் பழைய சாமான்காரர்கள். சில கிராம் வெள்ளிக்காக ஒரு தலைமுறையின் முகம் கரைந்துபோனதை நினைத்தால் வயிறு எரிகிறது. மிஞ்சியதை எண்ணூர்க் கழிமுகத்து உப்புக்காற்றும் பூஞ்சையும் தின்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணில் கச்சேரிப் படம் இருந்தால் லேமினேட் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. பின்பக்கம் ஓரமாக மெல்லிய பென்சிலால் ஊர், வருடம், பாடகர், தாளக்காரர் பெயர்களை எழுதுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவது நல்லது. நெகட்டிவ்களைப் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் காகித உறையில், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பெட்டியைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த நெடி பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும். அந்த பிலிமை மட்டும் தனியே எடுத்து, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் செய்துவிடுங்கள்.