வலியின்றிப் பறிபோகும் பார்வை

சிவகாசி வட்டாரத்தில் கண்ணுக்கு ஆபத்து என்றதும் பட்டாசு மருந்துதான் நினைவுக்கு வரும். தீப்பொறி பட்ட கண் எரியும், சிவக்கும், நீர் வடியும். வலி பொறுக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுவோம். ஆனால், வலியோ சிவப்போ இல்லாமல் பார்வையைப் பறிக்கும் நோயும் உண்டு என்பதை அறிவீர்களா?

சைட்டோமெகலோ வைரஸ் என்னும் நச்சுயிரியே அதற்குக் காரணம். நம்மில் பெரும்பாலோர் உடலில் இது எப்போதோ புகுந்து உறங்கிக் கிடக்கிறது. இதை அடக்கி வைப்பதில் சி.டி.4 என்னும் வெள்ளணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. நலமுள்ளவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு இவை 500க்கு மேல் இருக்கும். எய்ட்ஸ் நோயில் 50க்கும் கீழே குறைந்துவிட்டால், காவலாளி போனதும் பதுங்கியிருந்த திருடன் எழுவதுபோல் வைரஸ் எழுந்து விழித்திரையைத் தாக்குகிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் தடுப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கும் இது வரலாம்.

விழித்திரையை வெளியிலிருந்து எப்படிக் காண்பது? அதில் பட்ட ஒளி வந்த வழியே திரும்புகிறது. அதைக் காண நாம் குனிந்தால் நம் தலையே விளக்கை மறைத்துவிடும். அதனால்தான் கண்ணின் பாவை கறுப்பாகத் தெரிகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சாய்ந்த கண்ணாடித் தகட்டினால் விளக்கொளியைக் கண்ணுக்குள் செலுத்தி, அத்தகட்டின் ஊடாகவே நோக்கினார். 1851இல் அவர் வெளியிட்ட இந்தக் கருவியின் வழிவந்தவையே இன்றைய கண் சோதனைக் கருவிகள். நோயுற்ற விழித்திரையில் வெண்திட்டுகளும் இரத்தக் கசிவும் அவற்றில் தெரியும்.

1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவிலும் நுழைந்துவிட்டதைக் கண்டறிந்தனர். 1995இல் சென்னை சங்கர நேத்ராலயாவின் டாக்டர் ஜோதிர்மய் பிஸ்வாஸ் குழுவினர், எய்ட்ஸால் கண் பாதிக்கப்பட்ட இந்தியர் இருவரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினர். நம் நாட்டில் இத்தகைய முதல் அறிக்கை அதுவே.

கான்சிக்ளோவிர் என்னும் மருந்து நோய் பரவுவதைத் தடுக்கிறது. அழிந்துபோன விழித்திரையை அது மீட்டுத் தராது. 2004 ஏப்ரல் முதல் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளை அரசு இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றை முறையாக உண்டால் சி.டி.4 அணுக்கள் பெருகி, வைரஸ் மீண்டும் அடங்கும்.

இந்நோயில் சிலருக்குக் கண்முன் பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் தெரியும். சிலருக்குத் தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாது. ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி நாள் கடத்தினால், இழந்த பார்வை திரும்பாது. ஆகவே, தடுப்பாற்றல் மிகவும் குன்றியவர்கள் கண்ணில் குறை தோன்றும் முன்பே மருந்திட்டுப் பாவையை விரித்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் எவரேனும் தயங்கினால், கூடவே துணைக்குச் செல்லுங்கள்.